ஹார்ட் டாப்பைத் தூக்குமுன் மேல்தளத்தைப் பார்

அன்புள்ள முரளிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான்கு கதவு ஜீப் ராங்லர் வீடு வந்து சேர்ந்ததில் சந்தோஷம். அதன் கெட்டிக் கூரையான ஹார்ட் டாப்பைக் கழற்ற ஒவ்வொரு தடவையும் மூன்று பேரைத் தேட முடியாது, அதைத் தூக்கித் தொங்கவிட எந்த ஹாய்ஸ்ட் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். நீ கடைசியில் கேட்க வேண்டியதை முதலில் கேட்டிருக்கிறாய் என்பேன். முதலில் கராஜின் மேல்தளம், அடுத்து கயிறு போகும் வழி, அதற்கும் பிறகுதான் கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச். கடையில் கண்ணுக்குப் படுவது வின்ச்தான் என்பதால் எல்லோரும் அதைப் பற்றியே பேசுகிறார்கள்.

முன்னிருக்கைக்கு மேலே இருக்கும் இரண்டு தனிப் பலகைகளைக் கழற்றிய பிறகு மிஞ்சும் பைபர் கூடு சுமார் 60 முதல் 70 கிலோ இருக்கும். கணக்குக்கு 70 என்று வைத்துக்கொள். இது பெரிய எடையே இல்லை. ஆனால் அந்த 70 கிலோ மாதக்கணக்கில் தலைக்கு மேலே தொங்கப்போகிறது. அங்கேதான் கணக்கு மாறுகிறது.

மரச்சட்டத் தளமாக இருந்தால் அடியில் ஒட்டியிருக்கும் ஜிப்சம் பலகையை மறந்துவிடு. அது ஒரு மின்விளக்கைத் தாங்கும், அவ்வளவுதான். சட்டம் எங்கே ஓடுகிறது என்று கண்டுபிடித்து அதன் நடுவில் திருகு இறங்க வேண்டும். மரத்தில் இறங்கும் தடித்த லேக் திருகு 10 மி.மீ. என்றால் முதலில் 6 அல்லது 7 மி.மீ. துளை. துளையே போடாமல் திருகினால் மரம் பிளக்கும். பெரிதாகப் போட்டால் மரை கடிக்காது. பலகையின் தடிமனைக் கழித்து, மரத்துக்குள்ளேயே 7 செ.மீ. இறங்கட்டும். ஒவ்வொரு கப்பியையும் ஒரே சட்டத்தில் தொங்கவிடுவதைவிட, மூன்று நான்கு சட்டங்களுக்குக் குறுக்காக ஒரு கனமான மரத்தைப் பொருத்தி, கப்பிகளை அதில் மாட்டுவது மேல். எடையும் பகிரப்படும், கப்பியை வேண்டிய இடத்தில் வைக்கவும் முடியும். தளம் முக்கோணச் சட்டங்களாகக் கோத்த டிரஸ் அமைப்பாக இருந்தால் மட்டும் ஒரு கட்டடப் பொறியாளரிடம் காட்டிவிட்டுச் செய். டிரஸ்ஸின் கீழ்ச்சட்டத்தைப் பெரும்பாலும் இப்படி எதையும் தொங்கவிடுவதற்காகக் கணக்கிட்டிருக்க மாட்டார்கள்.

கான்கிரீட் தளம் என்றால் விரிந்து பிடிக்கும் ஆங்கர் போல்ட் போடு. துளைக்குள் இருக்கும் தூளை ஊதி எடுக்காமல் அடித்தால் பிடிப்பு குறையும். பசை ஊற்றிப் பதிக்கும் கெமிக்கல் ஆங்கர் இந்த வேலைக்கு வேண்டாம். இழுத்துப் பார்த்தால் உறுதியாகத்தான் இருக்கும். ஆனால் ஓயாமல் கீழ்நோக்கி இழுக்கும் எடையில் சில எபாக்சிப் பசைகள் மெல்ல மெல்ல இளகிக்கொடுக்கும். 2006-ல் பாஸ்டன் சுரங்கச் சாலையில் மேற்கூரைப் பலகைகள் ஒரு கார்மேல் விழுந்து ஒருவர் இறந்ததற்கு இந்த இளகல்தான் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. போட்ட அன்று எல்லாம் கச்சிதமாகத்தான் இருந்திருக்கும்.

இனி கயிறு. நடுவில் ஒரே கொக்கி வைத்துத் தூக்குவதா, நான்கு மூலையிலும் தூக்குவதா என்று கேட்டால் நான்கு மூலைதான் என் கட்சி. ஒற்றைக் கொக்கிக்கு இரும்புச் சட்டம் வேண்டும், அது உயரத்தைத் தின்னும், டாப்பும் சுற்றிக்கொண்டே இருக்கும். நான்கு மூலையில் கயிறு நேராக இறங்கினால் சட்டமே தேவையில்லை.

"நேராக" என்பதை அடிக்கோடிட்டுக்கொள். மேலே இருக்கும் கப்பிகளின் இடைவெளி டாப்பின் அகலத்தைவிடக் குறைவாக இருந்தால், டாப்பின் அடியில் போட்டுக் கயிற்றில் மாட்டும் பட்டைகள் உள்நோக்கிச் சாயும். டாப் கீழே இருக்கும்போது கயிறு நீளமாக இருப்பதால் சாய்வு தெரியாது. மேலே ஏற ஏறக் கயிறு குறுகி, கோணம் படுத்துக்கொண்டே வரும். ஒரு பக்கத்துக்கு 35 கிலோ. கிடைமட்டத்திலிருந்து 60 பாகையில் பட்டை இருக்கும்போது அதன் இழுப்பு 40 கிலோ, டாப்பை உள்ளே நெருக்கும் விசை 20 கிலோ. அதே பட்டை 30 பாகைக்குப் படுத்தால் இழுப்பு 70 கிலோ, நெருக்கும் விசை 60 கிலோ. பைபர் கூட்டின் பக்கச் சுவரை இரண்டு பக்கமும் 60 கிலோ வைத்து அழுத்தி மாதக்கணக்கில் விட்டுவைத்தால், திரும்ப வைக்கும்போது போல்ட் துளைகள் ஒன்றுக்கொன்று பார்க்காது. "டாப் வளைந்து வந்திருக்கிறது" என்று கம்பெனியைத் திட்டுபவர்களில் பாதிப்பேர் வீட்டில் கப்பிகள்தான் நெருங்கி நிற்கும்.

பட்டை போகும் இடமும் முக்கியம். பின்பக்கத்துப் பட்டை, வண்டி கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் இரும்புச் சட்டமான ரோல் பாரின் பின்கால்களுக்கும் பின்னால், டாப்பின் கீழ் விளிம்புக்கு அடியில் குறுக்காகப் போகட்டும். முன்பக்கத்தில் பட்டைக்குப் பதில், தடித்த ஃபோம் சுற்றிய ஒரு குறுக்குக் கட்டையை, பலகைகள் கழன்ற திறப்பின் வழியாக உள்ளே விட்டு, கூட்டின் முன் விளிம்புக்கு அடியில் வை. அது ரோல் பாருக்கு மேலே இருக்க வேண்டும். அடியில் போய்விட்டால் ஹாய்ஸ்ட் டாப்பை விட்டுவிட்டு வண்டியைத் தூக்கப் பார்க்கும். சிரிக்காதே, அவசரத்தில் நடக்கிற தப்புதான். கட்டையின் இரண்டு முனையிலிருந்தும் பட்டை அந்தத் திறப்பு வழியாகவே மேலே வரும். எனவே முன் கப்பிகள் அந்தக் கட்டை முனைகளுக்கு நேர் மேலே, பின் கப்பிகள் டாப்பின் அகலத்துக்குச் சற்று வெளியே. முன் பட்டையையும் பின் பட்டையையும் நீளவாக்கில் ஒரு கயிற்றால் இணைத்துவிடு, நழுவாது. பட்டை 5 செ.மீ. அகல பாலியெஸ்டர், விளிம்பைத் தொடும் இடத்தில் பழைய கம்பளித் துண்டு. பின் கண்ணாடி அந்தப் பக்கமே இருப்பதால் எடை பின்னால் சாய்ந்திருக்கும். பின் கயிறுகள் அதிகம் தாங்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்.

நான்கு கயிறுகளும் 4 மி.மீ. வளையும் ரக வயர் ரோப்பாக இருக்கட்டும். நைலான் கயிறு நீளும். அதிலும் வின்ச்சிலிருந்து தூரத்தில் இருக்கும் மூலைக்குப் போகும் கயிறு நீளமானது என்பதால் அது கூடுதலாக நீண்டு அந்த மூலை தொங்கிப்போகும். கப்பிச் சக்கரம் 60 முதல் 70 மி.மீ. விட்டமாவது இருந்தால்தான் வயர் ரோப் முறுக்கிக்கொண்டு பிசிறு விடாது. நான்கையும் ஒரே டிரம்மில் சுற்றாதே. ஒரு கயிறு மற்றொன்றின்மேல் ஏறி உட்காரும்போது அதன் சுற்று பெரிதாகி அந்த மூலை மட்டும் வேகமாக ஏறும். நான்கையும் ஓர் இரும்புத் தட்டில் முடித்து, தட்டிலிருந்து ஒரே கயிறு வின்ச்சுக்குப் போகட்டும். தட்டு தளத்தை ஒட்டிக் கிடையாக ஓடும். டாப் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு தூரம் தட்டுக்கும் ஓட இடம் வேண்டும். வழியில் கப்பியில் இடித்தால் அங்கேயே நின்றுவிடும். ஒவ்வொரு மூலையிலும், திருகித் திருகி நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு டர்ன்பக்கிள் போட்டுவிட்டால் மட்டம் சரிசெய்ய வசதி.

கயிறு முனையை மடித்து யூ கிளிப் போடும்போது கிளிப்பின் அடிக்கட்டையான சேணம் எடை தாங்கும் நீளக் கயிற்றின் பக்கமும், யூ வளைவு மடித்த குட்டை முனையின் பக்கமும் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் யூ வளைவு, எடை தாங்கும் கயிற்றையே நசுக்கும். முடிச்சுப் போடும் வேலையே வேண்டாம்.

சுவரோரமாகக் கயிறு கீழே திரும்பும் இடத்தில் இருக்கும் கடைசிக் கப்பிதான் எல்லாவற்றிலும் கஷ்டப்படுவது. மூலைக் கப்பி ஒவ்வொன்றும் சராசரி 17.5 கிலோ கயிற்றைத் திருப்புகிறது. கடைசிக் கப்பியிலோ 70 கிலோ கிடையாக வந்து 70 கிலோ கீழே போகிறது. இரண்டும் சேர்ந்து 45 பாகைச் சாய்வில் ஏறக்குறைய 99 கிலோ அதன் திருகுகளை இழுக்கும். உராய்வு இதற்கு மேல். எந்தக் கப்பிக்கு இரண்டு திருகு, எந்தக் கப்பிக்கு நான்கு என்று யோசிக்கும்போது இதை மறக்காதே.

இப்போதுதான் வின்ச். கையால் சுற்றும் வின்ச் போதும், ஆனால் தானாகப் பிடிக்கும் பிரேக் உள்ளது வேண்டும். படகை டிரெய்லரில் இழுக்கும், பல்சக்கரத்தில் நாக்கு விழுந்து பிடிக்கும் ராட்செட் வின்ச் மலிவு; இறக்கும்போது நாக்கை விடுவித்தவுடன் மொத்த எடையும் உன் கைப்பிடியில் வரும், கை நழுவினால் கைப்பிடி சுழன்று முழங்கையை உடைக்கும். பிரேக் வின்ச்சில் இன்னொரு சங்கதி: பிரேக் பிடிக்கவே ஒரு குறைந்தபட்ச எடை வேண்டும். பெரிதாக இருந்தால் நல்லது என்று ஒரு டன் வின்ச் வாங்கினால் உன் 70 கிலோவை அது எடையாகவே மதிக்காமல் போகலாம். 250 கிலோ அளவில் எடு, குறைந்தபட்ச எடையையும் பார்த்து வாங்கு. மின்சார ஹாய்ஸ்ட்தான் வேண்டும் என்றால், வயர் ரோப்பைக் கொக்கிக் கப்பி வழியாக இரட்டையாக ஓட்டி மாட்டு. பாதி வேகம் கிடைக்கும். அப்படியும் நிமிடத்துக்கு 5 மீட்டர், அதாவது நொடிக்கு 8 செ.மீ. பட்டனை ஒரு நொடி கூடுதலாக அழுத்தினால் என்னாகும் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள். ஜீப்பின் முன்னால் மாட்டும் இழுவை வின்ச்சை மேலே மாட்டும் யோசனை இருந்தால் கைவிடு. அது தரையில் இழுக்கக் கணக்கிட்டது, தூக்குவதற்கு அல்ல.

கழற்றும் வேலை நேரானது. வண்டி தினமும் ஒரே இடத்தில் நிற்கும்படி முன் சக்கரத்துக்கு ஒரு கட்டையைத் தரையில் பதித்துவிடு. முன் பலகைகளை எடு. ஜன்னல் கண்ணாடிகளை இறக்கிவிட்டுக் கதவுகளைத் திற. உள்பக்கத்து போல்ட்டுகள் ஜேகே வரிசையில், அதாவது 2007-ல் வந்ததில், டி-40 டார்க்ஸ், அதாவது நட்சத்திரக் குழித் தலை. அடுத்து வந்த ஜேஎல்லில் டி-50. டி-50 தலையில் டி-40 பிட்டை வைத்தால் உள்ளே போகும், திரும்பவும் செய்யும், ஆனால் பல் உருண்டுவிடும். பின் மூலையில் வைப்பருக்கும் கண்ணாடிச் சூடேற்றிக்கும் போகும் மின் இணைப்பு இருக்கும், கூடவே தண்ணீர்க் குழாய். இணைப்பின் பூட்டை முதலில் விடுவித்துவிட்டுத்தான் இழுக்க வேண்டும். குழாய் முனையை அடைத்துவிடு, சொட்டும். பின் கண்ணாடி ஆடித் திறந்துகொள்ளாதபடி டேப் போட்டு ஒட்டு.

முதலில் 2 செ.மீ. மட்டும் தூக்கி நிறுத்து. இந்த இரண்டு சென்டிமீட்டரில்தான் எல்லாம் தெரியும்: கழற்றாமல் விட்ட போல்ட், விடுபடாத ஒயர், ஒட்டிக்கொண்ட ரப்பர். ரப்பர் ஒட்டியிருந்தால் வின்ச்சை இன்னும் சுற்றாதே, கையால் மெதுவாகப் பிரி. இல்லாவிட்டால் ஒரு மூலை திடீரென்று விடுபட்டு டாப் குதிக்கும். ரசமட்டம் வைத்துப் பார்த்து டர்ன்பக்கிளைத் திருகு. பிறகு தூக்கு. கீழ் விளிம்பு ரோல் பாரையும் முன் கண்ணாடிச் சட்டத்தையும் தாண்டியதும் வண்டியை வெளியே எடு.

உயரம் போதுமா என்பதற்கு எளிய கணக்கு: டாப் இல்லாத வண்டியின் உயரம், டாப்பின் முழு உயரம், இடையே ஒரு கை இடைவெளி, மூன்றையும் கூட்டினால் வருவது தளத்தின் உயரத்துக்குள் இருக்க வேண்டும். உன் கராஜ் கதவு மேலே மடங்கிப் படுக்கிற ரகம் என்றால், தளத்தை அளக்காதே. கதவு திறந்து கிடக்கும் நிலையில் அதன் அடிப்பக்கம் வரை அள. மோட்டார் தண்டவாளம் நடுவில் ஓடுகிறதா என்றும் பார்.

மேலே ஏற்றிய பிறகு வின்ச்சை நம்பி விட்டுவிடாதே. வின்ச் ஏற்ற இறக்க மட்டும்தான், பிடித்து வைத்திருக்க அல்ல. நான்கு மூலைக்கும் தனித்தனிச் சங்கிலி, தனித்தனித் திருகில். சங்கிலியை மாட்டி, எடை அதில் உட்காரும்வரை வின்ச்சை இறக்கு. கயிற்றில் லேசான இழுப்பு மட்டும் மிஞ்சட்டும். வின்ச் கைப்பிடியைக் கழற்றி வேறிடத்தில் வை, வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். திருகுத் தலைக்கும் மரத்துக்கும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு போட்டுவிடு. கோடு விலகியிருந்தால் திருகு அசைந்திருக்கிறது என்று ஏணி போடாமலே தெரியும். பிளாஸ்டிக் தாள் போர்த்தாதே, ஈரம் உள்ளேயே நிற்கும். பழைய பருத்திப் போர்வை போதும். மேலே இடம் காலியாக இருக்கிறதே என்று அட்டைப் பெட்டிகளை டாப்பின்மேல் அடுக்கும் ஆசை வரும், அதற்கும் இடம் கொடுக்காதே. கீழ் விளிம்பு ரப்பரைச் சோப்புத் தண்ணீரில் துடைத்து, காய்ந்ததும் சிலிக்கான் தடவி வை. கிரீஸ் தடவினால் ரப்பர் ஊதிப்போகும்.

திரும்ப வைக்கும்போது 2 செ.மீ. தூக்கிச் சங்கிலிகளைக் கழற்றி, மெல்ல இறக்கு. எல்லா போல்ட்டையும் கைவிரலால் இரண்டு மூன்று மரை ஏற்றிவிட்டு, முன் பலகைகளைப் பூட்டிப் பொருத்தம் பார்த்த பிறகே இறுக்கு. ஒரு பக்கத்தை முழுதாக இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் பலகைகள் சேரும் இடத்தில் இடைவெளி விழும், மழை அங்கேதான் வழி கண்டுபிடிக்கும். அடித்து அடித்துத் திருகும் இம்பாக்ட் ரெஞ்ச் பக்கம் போகாதே. மரை போய்விட்டால் உள்ளே இருக்கும் நட் சுற்றிக்கொண்டே இருக்கும், அதை எடுப்பது தனி வேலை.

மேல்தளம் எந்த ரகம், சட்டங்களுக்கு இடையே எவ்வளவு தூரம், கதவு திறந்து கிடக்கையில் அதன் அடியில் எவ்வளவு உயரம், இந்த மூன்றையும் அளந்து எழுது. கப்பிகளின் இடத்தைக் குறித்து ஒரு படம் வரைந்து அனுப்புகிறேன். வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
பாலு