சுங்கை சிப்புட்டிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். வீட்டில் எல்லாரும் நலமா? போனில் "சாப்பிட்டியாம்மா" என்று கேட்டுவிட்டு உடனே அம்மாவிடம் கொடுத்துவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

திருச்சி புது டெர்மினல் உள்ளே எப்படி இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்லவே இல்லை, உங்களைத்தான் வாசலோடு நிறுத்திவிட்டார்களே. 1,100 கோடி ரூபாய்க்கு மேல் கொட்டிக் கட்டி, 2024 ஜனவரியில் பிரதமர் வந்து திறந்துவைத்தும், ஜூன் 11 வரைக்கும் சும்மா கிடக்கிறது என்று திட்டிக்கொண்டே இருந்தீர்கள், உள்ளே போய்ப் பார்த்தால் கோபம் பாதி குறைந்துவிடும். அத்தையைச் சிங்கப்பூருக்கு ஏற்றிவிட்டபோது பழைய கட்டடத்தில் டிராலியோடு டிராலி முட்டிக்கொண்டு நின்றோமே, அந்த நெரிசல் இல்லை. சுவரெல்லாம் நம் ஊர் ஓவியங்கள், அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரம். ஆனால் ஆட்கள் என்னவோ அதே ஆட்கள்தான்! எனக்கு முன்னால் நின்ற பெரியம்மா ஒருவர், எடை கூடிப்போச்சு என்றதும் அந்தப் பளபள தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, அட்டைப்பெட்டிக் கயிற்றைப் பல்லால் இழுத்து அவிழ்த்து, கருவாட்டுப் பொட்டலத்தைக் கைப்பைக்கு மாற்றினார். அப்புறம் வரிசை முழுக்க ஒரே கருவாட்டு வாசம்.

நாலு மணி நேரத்தில் கோலாலம்பூர். அங்கிருந்து சுங்கை சிப்புட்டுக்குக் காரில் வடக்கே மூன்று மணி நேரத்துக்கு மேல். வழியெல்லாம் எண்ணெய் எடுக்கிற செம்பனை, செம்பனை, பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது, ஈப்போ பக்கம் சுண்ணாம்புக் குன்றுகள் வந்த பிறகுதான் கண்ணுக்கு வேறு ஏதோ கிடைத்தது.

மாமியார் தங்கமானவர்தான். எழுந்ததும் "பசியாறிட்டியா?" என்றுதான் கேட்பார். அவருடைய அப்பா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி, கடலில் ஒரு வாரம் வாந்தியெடுத்தபடியே பினாங்கில் வந்து இறங்கியவராம். மாமியாரும் கல்யாணத்துக்கு முன்பிருந்தே விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனவர், இப்போதும் நாலரை மணிக்கு மேல் தூக்கம் வராது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கியபோது, இந்த ஊர்க்காரரான அமைச்சர் துன் சம்பந்தன் தொழிலாளிகளிடமே காசு சேர்த்துத் தோட்டம் வாங்குவதற்கு 1960-இல் நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பித்தார் இல்லையா, அதில் மாமியாருடைய அப்பாவும் கூலியில் மிச்சம் பிடித்துப் பங்கு கட்டியிருக்கிறார். அந்தக் காகிதத்தை பிஸ்கட் டின்னிலிருந்து எடுத்துக் காட்டியபோது, தொட விடவில்லை, பார்க்க மட்டும்தான்.

அந்த ரப்பர் தோட்டங்களில் இப்போது பெரும்பாலும் செம்பனைதான், வேலைக்கு வங்காளதேசத்துக்காரர்களும் இந்தோனேசியர்களும். நம்மவர்கள் தாமான் என்கிற குடியிருப்பு வீடுகளுக்கு வந்துவிட்டார்கள். ஆனாலும் தோட்டத்து மாரியம்மன் திருவிழா என்றால் எங்கிருந்தாலும் வந்துவிடுகிறார்கள், பினாங்கு, சிங்கப்பூர் நம்பர் போட்ட கார்கள்கூட மண் ரோட்டில் நிற்கின்றன.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த திருவிழாவுக்கு நீங்களும் அம்மாவும் வர வேண்டும். சுற்றிப் பார்க்க வருகிற இந்தியர்களுக்கு இப்போது விசா தேவையில்லை, 30 நாள் தங்கலாம். இங்கே வந்து இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகைப் படிவம் ஒன்று நிரப்ப வேண்டும், அதைத் தம்பி பார்த்துக்கொள்வான். பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்லுமா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள், அம்மாவுடையதில்தான் எனக்குச் சந்தேகம். பெட்டியை வீட்டிலேயே எடை போட்டுவிடுங்கள். மோர் மிளகாய் மட்டும் போதும், அம்மா கருவாடு எடுத்தால் நீங்கள் தடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்