கடற்காற்றுக்கு எந்தக் கம்பி வலை?

ஆசிரியர் அவர்களுக்கு,

கடலூர் தேவனாம்பட்டினம் பக்கம் புது வீடுகளில் பால்கனிக்கும் மாடிப்படிக்கும் கைப்பிடிச் சுவருக்குப் பதிலாகக் கம்பி வலை அடிக்கிறார்கள். காற்று வருகிறது, சரி. ஆனால் எங்கள் தெருவில் ஒரு வீட்டில், ஒரு மழைக்காலம் தாண்டியதுமே துரு வெள்ளைச் சுவரில் கோடு கோடாக வழிகிறது. ஜி.ஐ. வலையை, அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு வலையை, வெட்டிய முனைகளில் அந்தப் பூச்சு இருக்காது. உப்புக்காற்று அங்கேதான் முதலில் அரிக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் 304 ரகம் கடலோரத்தில் பழுப்புப் புள்ளி விடும். 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் என்ற உலோகம் கலந்த 316 ரகம்தான் ஓரளவு தாங்கும். விலை கூடுதல், அதனால் கேட்காவிட்டால் யாரும் போடுவதில்லை. அப்புறம், வலைக்கண் பெரிதாக இருந்தால் பிள்ளைகள் கால் வைத்து ஏறிவிடுவார்கள். கட்டட அனுமதி வரைபடத்திலேயே வலையின் ரகத்தையும் கண் அளவையும் குறிக்கச் சொல்லி மாநகராட்சி கேட்கலாம்.

– வாசகர், கடலூர்