மழை ஓட்டத்துக்குத் தடை வேண்டாம், பெரட்டு வேண்டும்

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

மழைக்காலம் முடியும்வரை சுங்கை சிப்புட் தோட்டப் பக்கம் நடக்கும் மலை ஓட்டங்களை நிறுத்தச் சொல்லி வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு அதில் சம்மதமில்லை. மழையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டத்தான் முடியாது. பட்டை நனைந்தால் பால் வெட்டுக்கோட்டை விட்டு வழிந்துவிடும். ஓடுகிறவர்களுக்கு என்ன? நனைந்தால் துவட்டிக்கொள்ளட்டும்.

என் குறை வேறு. அங்கே பெரட்டு இல்லை; அதாவது யாரும் பேர் கூப்பிட்டுத் தலை எண்ணுவதில்லை.

போன மாதம் எங்கள் பழைய டிவிஷன் (தோட்டப் பிரிவு) வழியாக ஒரு குழு ஓடியது. ஹேஷ் ஓட்டம். 1938இல் கோலாலம்பூரில் வெள்ளைக்காரர்கள் தொடங்கி வைத்தது. முன்னே போகிறவர் காகிதத் துண்டுகளைப் போட்டுக்கொண்டே போவார். மற்றவர்கள் அதைப் பார்த்துப் பின்னால் ஓடுவார்கள். கொட்டுகிற மழையில் காகிதம் எங்கே நிற்கும்? ஊறிச் சகதியாகிக் கான் (வடிகால்) தண்ணீரோடு போய்விட்டது. செம்பனைத் (எண்ணெய்ப்பனை) தோட்டத்திலோ ஒரு நிரைக்கும் அடுத்த நிரைக்கும் வித்தியாசம் தெரியாது. நன்றாக இருட்டிய பிறகு ஓர் இளைஞர், தொழிலாளர் வீடுகள் இருக்கும் லயத்து நாய்கள் குரைத்த திசையைப் பிடித்து வந்து எங்கள் வாசலில் நின்றார். கால் முழுக்க அட்டை. மோட்டார் சைக்கிளில் ஏற்றிக் கொண்டுபோய் விட்டேன். கூட்டம் கார்களுக்குப் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. "அட, நீ இன்னும் வரலையா?" என்று ஒருவர் கேட்டார் பாருங்கள்!

என் மகள் இங்கிலாந்தில், யார்க்‌ஷயர் பக்கம் தாதியாக இருக்கிறாள். அங்கேயும் மரமே இல்லாத ஈர மேட்டுநிலத்தில், கருஞ்சேற்றில் கால் புதையப் புதைய இப்படித்தான் கூட்டமாக ஓடுவார்களாம். மலைப் பந்தயம் என்றால், வானம் மோசமாக இருக்கும் நாளில் மழைச்சட்டை, வரைபடம், திசைகாட்டி, விசில் இல்லாதவரை விடமாட்டார்கள். போகும்போதும் எண்ணுவார்கள், வரும்போதும் எண்ணுவார்கள். பாதியில் விலகியவர்கூட பந்தயம் முடியும் இடத்தில் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் அவரைத் தேடி ஆட்கள் மலையேறுவார்கள். நிமிடத்துக்கு 6 முறை விசில் ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊதினால் ஆபத்து என்று அர்த்தமாம்.

அங்கே ஆளைக் கொல்வது குளிர். இங்கே இடி இருக்கிறது, எலியும் இருக்கிறது. எலிக்காகத்தானே செம்பனைக்குள் பெட்டி வைத்து ஆந்தை வளர்க்கிறார்கள். கீறல்பட்ட காலோடு குட்டைத் தண்ணீரில் இறங்கினால் எலிக்காய்ச்சல் வரலாம். ஓடி முடித்ததும் சோப்புப் போட்டுக் குளியுங்கள். அடுத்த சில வாரங்களில் காய்ச்சல் கண்டால், தோட்டத்தில் ஓடியதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். இடி கேட்டால் மேட்டை விட்டு இறங்கிக் காருக்குள் போய் உட்காருங்கள்.

துரைமார் காலத்தில் விடியுமுன் பெரட்டில் பேர் கூப்பிடாமல் எங்களில் ஒருவரையும் வேலைக்காட்டுக்கு அனுப்பியதில்லை. சம்பளக் கணக்குக்காகத்தான், பாசத்தால் அல்ல. ஆனாலும் யார் உள்ளே இருக்கிறார் என்பது தெரியும்.

ஏற்பாட்டாளர்களிடம் பேர் கூப்பிட ஆள் இல்லையென்றால், ஞாயிறு மாலைகளில் நான் சும்மாதான் இருக்கிறேன். நோட்டும் விசிலும் நானே கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மண்டோர் (தோட்ட வேலை மேற்பார்வையாளர்),
சுங்கை சிப்புட், பேராக்