வற்றாப்பளைப் பொங்கலுக்கு எலெக்ட்ரிக் காரில் வருகிறவனுக்கு

முள்ளியவளை,
சித்திரைக் கடைசி.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். காலபோக நெல் விற்று முடிந்தது. தண்ணீர் நிற்கிற குளங்களின் கீழே மட்டும் சிறுபோகம் விதைக்கிறார்கள். கச்சான் காற்றும் இந்தக் கிழமை எழும்பிவிட்டது, கொடியில் போட்ட சேலையை வேலியில் போய்த்தான் எடுக்கவேணும். காற்றைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன், உன் காருக்கு அதில் அலுவல் இருக்கிறது.

வற்றாப்பளை அம்மன் கோவில் வைகாசிப் பொங்கலுக்கு உன் நிசான் லீஃப் எலெக்ட்ரிக் காரில் வருவதாகவும், வழியில் சார்ஜர் உள்ள இடங்களைப் பட்டியல் போட்டுவிட்டதாகவும் எழுதியிருந்தாய். பட்டியல் பிழையில்லை. ஆனால் அது வவுனியாவோடு முடிகிறது, உன் பயணம் அங்கே முடியவில்லையே. வவுனியாவிலிருந்து மாங்குளம் 45 கிலோமீற்றர், அங்கிருந்து ஒட்டுசுட்டான் வழியாக இங்கே கிட்டத்தட்ட இன்னொரு 45. போய்த் திரும்ப 180. கொழும்பிலிருந்து வவுனியா 255 என்று பார்த்துப் பயப்படுகிறாய். உன்னை வழியில் இருத்தக்கூடியது இந்த 180 தான்.

முதலில் உன் பற்றரியில் உண்மையாக எவ்வளவு இருக்கிறது என்று பார். 40 கிலோவாற்மணி என்று பெயர், புதிதாக இருக்கும்போதே ஓடுவதற்குக் கிடைப்பது 37 அளவில்தான். பற்றரி நிலையைக் காட்டுகிற லீஃப்ஸ்பை செயலியில் எஸ்ஓஎச், அதாவது புதிதோடு ஒப்பிட்டால் மிஞ்சியிருக்கிற கொள்ளளவு, 85 வீதம் என்று எழுதியிருந்தாய். அப்படியென்றால் 37இல் 85 வீதம், ஏறத்தாழ 31 யூனிற் (ஒரு கிலோவாற்மணிதான் ஒரு யூனிற்). மேடுபள்ளமில்லாத றோட்டில் மணிக்கு 70இல் ஏசியோடு ஓடினால் யூனிற்றுக்கு 6.5 கிலோமீற்றர் என்று வை. முழுச் சார்ஜுக்கு 200 கிலோமீற்றர். அதில் 15 வீதத்தைத் தொடாதே என்று ஒதுக்கினால் 170. வவுனியாவில் நிரப்பிக்கொண்டு வந்து, இங்கே பிளக்கைத் தொடாமல் திரும்பலாம் என்றால் 10 கிலோமீற்றர் இடிக்கிறது. டாஷ்போட்டில் காட்டும் தூரத்தை நம்பாதே. அது நீ இதுவரை ஓடிய ஓட்டத்தை வைத்துச் சொல்கிற ஊகம். வெள்ளவத்தை நெரிசலில் 30இல் ஊர்ந்துவிட்டு வந்தால் மிகத் தாராளமாகக் காட்டும்.

இனி வருகிற வழி. வெள்ளவத்தையில் நூறு வீதத்தோடு விடியப்புறம் 4 மணிக்கு வெளிக்கிடு. குருநாகல் வழியாகத் தம்புள்ளை 150 கிலோமீற்றர், 23 யூனிற் போகும். 26 வீதத்தோடு போய்ச் சேருவாய். அங்கே 85 வீதம் வரை ஏற்று, 18 யூனிற். அதற்கு மேலே நிற்காதே, 80ஐத் தாண்டினதும் சார்ஜர் வேகத்தைக் குறைத்துக்கொண்டே போகும், கடைசி 15 வீதத்துக்கு எடுக்கும் நேரத்தில் நீ மதவாச்சி தாண்டிவிடலாம். தம்புள்ளையிலிருந்து வவுனியா 105, 33 வீதத்தோடு சேருவாய். அங்கே 75 வரை ஏற்றினால் இங்கே வரும்போது 30 மிஞ்சும்.

வவுனியாச் சார்ஜர் அன்றைக்குப் படுத்துவிட்டால்? 33 வீதத்தோடு இங்கே வரமுடியாது. 45 வேணும், ஒதுக்கு 15, மொத்தம் 60. குறைகிற 27 வீதத்தை லொட்ஜ் ஒன்றின் 13 அம்பியர் பிளக்கில் ஏற்றினால் நாலு மணித்தியாலத்துக்கு மேலே. ஆனபடியால் முடிவு எடுக்கிற இடம் வவுனியா அல்ல, மிகிந்தலை. அங்கே நிறுத்தி வவுனியாவுக்கு ஒரு போன் எடு. வேலைசெய்யவில்லை என்றால் அனுராதபுரம் அங்கிருந்து 13 கிலோமீற்றர்தான், திரும்பிப் போய் நிரப்பிக்கொண்டு வரலாம். மிகிந்தலையைத் தாண்டினால் அந்த வழி தூரமாகிவிடும்.

போனில் “சார்ஜர் வேலைசெய்யுதா” என்று கேட்காதே, “ஓம்” என்றுதான் சொல்வார்கள். உன் லீஃபில் செருகுகிற சாடெமோக் கண் வேலைசெய்கிறதா என்று கேள். 2025 மாசியில் வாகன இறக்குமதி திறந்த பிறகு வருகிற பிவைடி போன்ற கார்களுக்கு சிசிஎஸ்2 என்கிற வேறு கண். அந்தக் கண் பழுதானால் பத்துப்பேர் சத்தம் போடுவார்கள், உன்னுடையது பழுதானால் கிழமைக்கணக்கில் ஒருவருக்கும் தெரியாது. பிறகு, ஒரு பெட்டியில் இரண்டு கண் இருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் கொடுக்குமா, இரவில் கேற் பூட்டுவார்களா, காசு செயலியில் மட்டுமா என்றும் கேள். செயலியில் மட்டும் என்றால் வீட்டிலிருந்தே கணக்குத் திறந்து காசு போட்டுக்கொண்டு வா. சிக்னல் இல்லாத மூலையில் நின்று காட் இலக்கம் அடித்துக்கொண்டிருக்கிற வேலை வேண்டாம்.

சூட்டைப் பற்றி உனக்கு ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். லீஃபின் பற்றரிக்குக் குளிர்த்துகிற ஏற்பாடு கிடையாது, காற்றில் தானாக ஆறவேணும். வைகாசியில் இங்கே வெளியே 35 பாகை, பற்றரி எங்கே ஆறுகிறது? தம்புள்ளையில் ஒருமுறை வேகமாக ஏற்றினால் சூடு ஏறும், 105 கிலோமீற்றர் ஓடும்போது இறங்காது, வவுனியாவில் மறுபடி செருகினால் கார் தானே வேகத்தைப் பாதியாகக் குறைத்து வாங்கும். ஆட்கள் சார்ஜரைத் திட்டுவார்கள், சார்ஜரில் பிழை இல்லை. இரண்டாவது ஏற்றத்துக்கு 25 நிமிடம் என்று நினைத்தால் 45 என்று திட்டம் போடு. விடியப்புறம் வெளிக்கிடச் சொன்னதும் இதற்குத்தான். 80, 90இல் மிதித்தால் சூடு இன்னும் ஏறும். ஊருக்கு வெளியே 70 என்பது பொலிசுக்கும் சரி, பற்றரிக்கும் சரி.

முறிகண்டி உன் வழியில் இல்லை, மாங்குளத்தில் கிழக்கே திரும்பிவிடுவாய். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் வரமாட்டேன் என்று நின்றாயானால் மாங்குளத்திலிருந்து வடக்கே போய்த் திரும்புகிற தூரத்தையும் கணக்கில் போடு. கச்சான்கொட்டை ஒரு பையும் வாங்கிக்கொண்டு வா.

மற்றக் கச்சானுக்கு வருகிறேன். இது தென்மேற்குக் காற்று. வரும்போது முதுகில் தள்ளும், திரும்பும்போது முகத்தில் அடிக்கும். 70இல் போகிற காருக்கு எதிரே 20இல் காற்று வந்தால் அது 90இல் போகிறதுபோலக் காற்றை உடைக்கவேணும், இழுவை ஒன்றரை மடங்கைத் தாண்டும். அதனால் திரும்புகிறதுக்கு யூனிற்றுக்கு 6.5 போடாதே, 5.3 போடு. இங்கிருந்து வவுனியாவுக்கு 55 வீதம். வவுனியாவிலிருந்து தம்புள்ளைக்கு 64. தம்புள்ளையிலிருந்து கொழும்புக்கு ஒரே மூச்சில் 91 வீதம், அது சரிவராது, குருநாகலில் ஒருமுறை நிற்கவேணும். வரும்போது இரண்டு நிறுத்தம், போகும்போது மூன்று. அதையே திருப்பிப் போட்டால் காணும் என்று நினைக்காதே. டயரில் 36 பிஎஸ்ஐ இருக்கிறதா என்று வெளிக்கிடும் காலையில், சூடேற முன்பு பார். மேடு பள்ளத்தை மறந்துவிடு. வவுனியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 100 மீற்றர், உன் காரை அவ்வளவு உயரம் தூக்க அரை யூனிற்றும் போகாது.

இனி இரவுச் சார்ஜ். உன் போட்டபிள் சார்ஜர் 230 வோல்றுக்கு எழுதியதா என்று பெட்டியின் அடியில் பார். ஜப்பானிலிருந்து காரோடு வருகிற கேபிள் 200 வோல்றுக்குச் செய்தது, அதைக் கொண்டுவராதே. 13 அம்பியர் பிளக் எட்டு மணித்தியாலம் தொடர்ந்து 13 அம்பியர் தாங்காது, பிளக்கின் கால்கள் கறுத்து, சுற்றியுள்ள பிளாஸ்ரிக் உருகும். சார்ஜரை 10 அம்பியரில் வை. எக்ஸ்ரென்ஷன் வயர் தவிர்க்கமுடியாவிட்டால் சுருளை முழுவதும் அவிழ்த்து நீட்டு. சுற்றினபடி விட்டால் உள்ளே வெந்துபோகும். மல்ரிபிளக், உருண்டைப் பின் அடப்ரர் எதுவும் நடுவில் வேண்டாம். அரை மணித்தியாலம் கழித்துப் பிளக்கில் கை வைத்துப் பார், இளஞ்சூடு சரி, கையை எடுக்கவைத்தால் 8க்கு இறக்கு.

எங்கள் வீட்டில் போட்டிக்கோப் பக்கம் ஒரு பிளக் இருக்கிறது. 7/.67 வயரில் தனிச் சேர்க்கிட், 16 அம்பியர் பிரேக்கர், 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச். இரவு பத்தரைக்குப் பிறகு செருகலாம். அதற்கு முன் ஊர் முழுவதும் விளக்கும் ரிவியும், லைன் கடைசியில் இருக்கிற எங்களுக்கு வோல்ற் இறங்கிவிடும். 216க்குக் கீழே வரக்கூடாது என்பது விதி, லைனுக்கு அது தெரியாது. விடிய 6 மணிவரை ஏழரை மணித்தியாலம், சுவரிலிருந்து 16 யூனிற் எடுத்தால் பற்றரிக்குள் 14 போகும். மிச்சம் சார்ஜரிலும் காரின் கருவியிலும் சூடாகப் போய்விடும். 14 யூனிற் என்றால் 45 வீதம். ஒரு இரவு நின்றால் 75 வீதத்தோடு புறப்பட்டு 20இல் வவுனியா சேருவாய். இரண்டு இரவு நில், அதுதான் புத்தி. ஒரு இரவில் கரண்ட் போனால் மற்ற இரவு இருக்கிறது. கரண்ட் வந்த பிறகு சில சார்ஜர் தானாகத் தொடங்காது, நடுச்சாமத்தில் எழும்பினால் லைற்றைப் பார்.

பெரியம்மா வீட்டில் புதுக்குடியிருப்பில் ஏற்றலாம் என்று எழுதியிருந்தாய். இரண்டு காரணத்துக்காக வேண்டாம்.

ஒன்று, எர்த். அந்தப் பக்கம் கோடையில் மண் காய்ந்துபோகும், எர்த் குற்றி இருந்தும் பிடிக்காது. உன் சார்ஜர் சிவப்பு லைற் போட்டு ஏற்ற மறுக்கும். அப்போது யாராவது ஒரு வயர்க்காரத் தம்பி வந்து, பிளக்குக்குள்ளே எர்த்தையும் நியூற்றலையும் பாலம் போட்டுத் தருவான், லைற்றும் பச்சையாகும். அதற்கு விடாதே. வழியில் எங்காவது நியூற்றல் அறுந்தால் உன் காரின் உடம்பு முழுவதும் 230 வோல்ற், கதவைத் தொட்ட பிள்ளை போய்ச் சேரும். குற்றியடியில் தண்ணீர் ஊற்றுவது அன்றைக்கு மட்டும் உதவும், சரியான வேலை இன்னொரு குற்றி ஆழமாக இறக்குவது. பொங்கல் பந்தல் ஜெனரேற்றரிலும் செருகாதே, அதில் நியூற்றல் எர்த்தோடு சேர்ந்திருக்காது, சார்ஜர் அதையும் எர்த் இல்லை என்றே எடுக்கும்.

மற்றது, பில். பெரியம்மா தனியாள், மாதம் 50 யூனிற் வரை செலவு. மின்சாரக் கட்டணம் படிப்படியாக ஏறுவது, 60க்குள் நின்றால் ஒரு பட்டியல், 60ஐத் தாண்டினால் முதல் யூனிற்றிலிருந்தே வேறு பட்டியல், நிலையான கட்டணமும் கூட. நீ இரண்டு இரவு ஏற்றினால் 32 யூனிற், அவவின் பில் 82க்குப் போகும். நீ எடுத்த 32க்கு மட்டும் காசு கொடுத்தாலும் அவ தன்னுடைய 50க்கும் கூடுதலாகக் கட்டவேண்டி வரும். எந்த வீட்டில் ஏற்றினாலும் சராசரி விலையில் கணக்குப் பார்க்காதே, நீ செருகாவிட்டால் வந்திருக்கும் பில்லுக்கும் இப்போது வந்த பில்லுக்கும் உள்ள வித்தியாசம்தான் உன் செலவு. பெரியம்மா காசு வாங்கமாட்டா என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மொத்தச் செலவுக்கு ஒரு சுருக்கவழி. லீட்டருக்கு 14 கிலோமீற்றர் ஓடும் பெற்றோல் காரோடு ஒப்பிட்டால், வீணாகிறதையும் சேர்த்து உன் கார் அந்த 14க்கு இரண்டரை யூனிற் எடுக்கும். அன்றைய பெற்றோல் விலையை 2.5ஆல் பிரி. சார்ஜர்க்காரன் கேட்கிற யூனிற் விலை அதற்குக் கீழே இருந்தால் உனக்கு லாபம். நிமிடக் கணக்கில் காசு எடுக்கிற இடத்தில் மட்டும் கவனம், சூட்டில் கார் மெதுவாக வாங்கும்போது யூனிற் விலை ஏறிக்கொண்டு போகும்.

கையோடு கொண்டுவர: டயர் பம்ப், 12 வோல்ற் ஜம்ப் ஸ்ராட்டர், பிளக்கில் எர்த் இருக்கிறதா என்று பார்க்கிற மூன்று லைற் செருகி (சாதாரண ரெஸ்ரர் அல்ல). பெரிய பற்றரி நிறைய இருந்தும் சின்ன 12 வோல்ற் பற்றரி செத்தால் கார் எழும்பாது, மூன்று வருடம் தாண்டியிருந்தால் வெளிக்கிட முன்பே மாற்று. இரவில் ஒட்டுசுட்டான் றோட்டில் வராதே. மாடுகள் தாரின் சூட்டுக்காக றோட்டு நடுவில் படுத்திருக்கும், உன் கார் சத்தம் போடாமல் வருகிறது, அவை எழும்பாது.

வற்றாப்பளை அம்மாளுக்குக் கடல்தண்ணீரில் விளக்கெரியும், தெரியும்தானே. உன் காருக்கு அந்த வசதி இல்லை. லீஃப்ஸ்பையில் முழுச் சார்ஜில் காட்டுகிற எண்ணையும் பற்றரிச் சூட்டையும் படம் எடுத்து வருகிற ஞாயிறுக்குள் அனுப்பு, வீதக் கணக்கை ஒருமுறை திருத்தித் தருகிறேன். பெரியம்மாவுக்கு நீ எங்களிடம் தங்குவதை நானே சொல்லிவிடுகிறேன், சாப்பாடு அங்கேதான் என்று அவ சண்டை பிடிப்பா, அதை நீ பார்த்துக்கொள்.

அன்புடன்,
உன் மச்சான்