பெங்களூரு – சான் பிரான்சிஸ்கோ: அந்தப் பதினாறு மணி நேரம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அயல்நாட்டில் வாழும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோருக்காகச் சென்ற இதழில் விமானப் பயணப் பட்டியல் ஒன்றை வெளியிட்டிருந்தீர்கள். அதில் ‘பெங்களூரு – சான் பிரான்சிஸ்கோ: 14,000 கி.மீ., 16 மணி நேரம்’ என்று ஒரே வரி. முப்பது ஆண்டுகள் புவியியல் நடத்தியவள் நான். இப்படி ஒரு வரியை நம்பி அவதிப்பட்டவளும்கூட.

தூரம் சரிதான். பூகோள உருண்டையில் இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், அது பசிபிக் கடலின் நடுவே போகாது. வடக்கே ஏறி, சைபீரியாவின் வடகோடியைத் தொட்டு, அலாஸ்கா வழியாக இறங்கும். சுவரில் தொங்கும் படத்தையே பார்த்துப் பழகிய மாணவிகள், தாங்களே நூலைப் பிடித்துப் பார்க்கும் வரை இதை நம்பியதில்லை.

ஆனால் விமானம் அந்த நூலின் மேலேயே பறப்பதில்லை. ஏறத்தாழ பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் காற்று, குளிர்காலத்தில் மணிக்கு 200 கி.மீ. வேகத்தையும் தாண்டும். 2016 அக்டோபரில் ஏர் இந்தியா தன் டெல்லி – சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் வழியிலிருந்து பசிபிக் வழிக்கு மாற்றியது. 13,900 கி.மீ. பயணம் 15,300 கி.மீ. ஆனது, ஆனால் காற்று பின்னாலிருந்து தள்ளியதால் பதினான்கரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டது. தூரம் கூடியும் நேரம் குறைந்தது! திரும்பும் திசையிலோ, 2021 ஜனவரியில் பெண் விமானிகளே ஓட்டிவந்த விமானம் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வட துருவத்தின் மேலாகப் பெங்களூரு வந்துசேர 17 மணி நேரத்துக்கு மேல் ஆனது. வான்வெளி மூடப்பட்டாலோ கணக்கே மாறிவிடும். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியபோது, டெல்லியிலிருந்து அமெரிக்கா சென்றவற்றில் சில வியன்னாவில் இறங்கி எரிபொருள் நிரப்பிச் செல்ல நேர்ந்தது.

எங்கள் அவதி இன்னொரு வகை. 2023-இல் மகனைப் பார்க்கப் புறப்பட்டோம். பிற்பகல் 2 மணிக்கு ஏறினால் அதே நாள் மாலையில் இறங்கலாம் என்று டிக்கெட் சொன்னது. இரண்டும் அந்தந்த ஊர் நேரம். குளிர்காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் பதின்மூன்றரை மணி நேர வித்தியாசம். இதெல்லாம் எனக்குத் தெரியாததா? தெரியும். இருந்தும், வீடு பூட்டும் பரபரப்பில், டிக்கெட் எடுத்துக் கொடுத்தவர் “மாலைக்குள் போய்விடுவீர்கள்” என்றதையே பிடித்துக்கொண்டு, கணவரின் இன்சுலினில் ஒரு வேளைக்கு மட்டும் கைப்பையில் வைத்தேன். மீதி பெட்டிக்குள் போய்விட்டது. சேலத்தில் விடியற்காலையில் காரில் ஏறியதிலிருந்து மகன் வீட்டு வாசலை மிதிக்கும்வரை முழுதாக ஒரு நாளுக்கு மேல். கடைசி சில மணி நேரம் அவர் நாக்கு வறண்டு, பேசவும் தெம்பில்லாமல் சாய்ந்திருந்ததை இன்னும் மறக்க முடியவில்லை.

அடுத்த முறை இத்தகைய பட்டியல் போடும்போது, போக ஆகும் நேரத்தையும் திரும்ப ஆகும் நேரத்தையும் தனித்தனியே தாருங்கள். இரண்டு ஊர்களுக்கும் உள்ள நேர வித்தியாசத்தையும் பக்கத்திலேயே அச்சிடுங்கள். மருந்து எடுத்துக்கொள்பவர்கள் வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை உள்ள மணிக்கணக்கைச் சொல்லி, புறப்படும் முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும் என்றும் ஒரு வரி சேருங்கள். உங்கள் இதழைக் கத்தரித்துப் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளும் முதியவர்கள் எங்கள் தெருவிலேயே நான்கு பேர் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை,
சேலம்.