முதல் தேர்வை விற்றுவிடாதீர்கள்: கிளீவ்லாந்து பிரவுன்ஸ் உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிளீவ்லாந்து
ஜனவரி 8, 2018

மதிப்பிற்குரிய திரு. ஜிம்மி ஹஸ்லம், திருமதி டீ ஹஸ்லம் அவர்களுக்கு,

வணக்கம். நேற்று முன்தினம் கடுங்குளிரில் உங்கள் அரங்கத்தைச் சுற்றி மக்கள் ஊர்வலம் போனதை அறிந்திருப்பீர்கள். அமெரிக்கக் கால்பந்தில் நம் பிரவுன்ஸ் அணி பதினாறு ஆட்டங்களில் ஒன்றைக்கூட வெல்லாத பருவத்தைச் சொல்லப் பூஜ்யத்தின் வடிவில் நடந்தார்கள். உங்கள் வீரர்களில் சிலருக்கு அது மனவருத்தத்தைத் தந்ததாகப் படித்தேன். அவர்கள் வருந்தியதில் நியாயம் உண்டு. நான் ஊர்வலத்தில் சேராமல் ஓரமாக நின்று பார்த்தேன். தோல்வியைச் சொல்ல வந்த அந்த இடத்திலும் ஊர் உணவு வங்கிக்கு உதவி திரட்டியவர்கள் இந்த மக்கள். இவர்களுடைய பொறுமையைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டியிருக்கிறது.

கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் வருகிற ஏப்ரல் 26 அன்று தொடங்குகிறது. அதில் முதலாவதாகத் தேர்ந்தெடுக்க உங்கள் கைக்கு வந்திருக்கும் உரிமையை, அந்த முதல் தேர்வை, வேறு எந்த அணிக்கும் விற்றுவிடாதீர்கள். அதைக் கொண்டு, பந்தெறிந்து அணியின் தாக்குதலை நடத்தும் ஒரு குவாட்டர்பேக்கை எடுங்கள். எடுத்தவரை அவசரப்படுத்தாமல் வளரவிடுங்கள்.

வேலைக்காக நான் இந்த ஊருக்கு வந்த 1999-ஆம் ஆண்டில்தான் உங்கள் அணியும் இங்கே திரும்பி வந்தது. தியாகராஜர் ஆராதனைக்காக இங்கே வந்து போகும் தமிழர்களுக்கு இந்த ஊரின் ஏரியும் பனியும் தெரியும். ஆரஞ்சு நிறச் சட்டை போட்டுக்கொண்டு ஊர் முழுவதும் அரங்கத்தை நோக்கி நடக்கிற ஞாயிற்றுக்கிழமை காலைகளைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆட்டத்தின் அரிச்சுவடிகூட அறியாத என்னை முதன்முதலாக அங்கே அழைத்துப்போனவர் எங்கள் தெருவில் வசிக்கும் ஒரு பெரியவர். 1964 டிசம்பர் 27 அன்று, இதே ஏரிக்கரையில் இருந்த பழைய அரங்கத்தில், பால்டிமோர் கோல்ட்ஸ் அணியை 27-0 என்று பிரவுன்ஸ் வீழ்த்திப் பட்டம் வென்றபோது, தம் தந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த சிறுவன் அவர். அதற்குப் பிறகு பிரவுன்ஸ் இன்னொரு பட்டம் வெல்லவில்லை. லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலை ஒருமுறைகூட எட்டியதில்லை.

இந்தப் பருவத்தின் பதினாறு தோல்விகளையும் வரிசையாகச் சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்கமாட்டேன். ஒரே ஒரு நாளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அக்டோபர் 22, டென்னசி டைட்டன்ஸ் அணியுடன் நடந்த ஆட்டம். எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுசேர்க்கும் டச்டவுன் ஒன்றுகூட இரு தரப்பிலும் விழாத, கூடுதல் நேரத்தில் 12-9 என்று நாம் தோற்ற ஆட்டம் அது. மூன்றாவது கால்பகுதியில் ஜோ தாமஸ் தரையில் விழுந்தார். 2007-இல் தம் முதல் ஆட்டத்தில் களமிறங்கிய நாள் முதல், அணி தாக்குதலில் ஆடிய ஒரு பிளேயைக்கூட (பந்து ஒருமுறை ஆடப்படுவதைக்கூட) விடாமல், தொடர்ச்சியாக 10,363 பிளேக்கள் நின்று ஆடியவர். இடது ஓரத்தில் நின்று, வலக்கையால் பந்தெறியும் குவாட்டர்பேக்கின் கண்ணுக்குத் தெரியாத பக்கத்தைக் காப்பது அவருடைய வேலை. பந்தைத் தொடாத, ஒரு புள்ளிகூட எடுக்காத, கூட்டத்தின் கைதட்டல் எளிதில் கிடைக்காத வேலை அது.

இடது கையைப் பிடித்தபடி அவர் களத்தை விட்டு வெளியே வந்தபோது எங்களைச் சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். பெரியவருக்கு ஒரு பழக்கம் உண்டு. அரங்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் சின்ன ரேடியோ ஒன்றைக் காதில் மாட்டிக்கொண்டு வர்ணனையையும் கேட்டுக்கொண்டே இருப்பார். எத்தனை மோசமான தோல்வியிலும் ஆட்டம் முடியும்வரை அதைக் கழற்றமாட்டார். அன்றைக்குக் கழற்றினார். ஒயரை ரேடியோவின் மீது நிதானமாகச் சுற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, "அந்த மனிதனுக்கு நாம் ஒன்றுமே செய்து கொடுக்கவில்லை" என்றார். பிறகு வீடு வந்து சேரும்வரை அவர் பேசவில்லை.

அவர் சொன்னது உண்மை. லீக்கின் சிறந்த வீரர்களுக்கான புரோ பௌலுக்குப் பத்து ஆண்டுகள் தொடர்ந்து தேர்வான ஒருவர், பட்டத்துக்கான பிளேஆஃப் ஆட்டம் ஒன்றில்கூட ஆடியதில்லை. அவர் காத்து நின்ற குவாட்டர்பேக்குகள் ஏறத்தாழ இருபது பேர். 1999 முதல் இன்றுவரை நம் அணிக்காக ஆட்டத்தைத் தொடங்கிய குவாட்டர்பேக்குகள் மொத்தம் இருபத்தெட்டுப் பேர். ஒருவர் பெயரை நாங்கள் சரியாக உச்சரிக்கப் பழகுவதற்குள் அடுத்தவர் வந்துவிடுகிறார்.

இது விதியால் நேர்ந்தது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2016-இல் இரண்டாவது தேர்வு உங்களிடம் இருந்தது. பிலடெல்பியாவுக்கு விற்றீர்கள், அவர்கள் கார்சன் வென்ட்ஸ் என்ற குவாட்டர்பேக்கை எடுத்தார்கள். 2017-இல் பன்னிரண்டாவது தேர்வு இருந்தது. ஹூஸ்டனுக்கு விற்றீர்கள், அவர்கள் டெஷான் வாட்சன் என்ற குவாட்டர்பேக்கை எடுத்தார்கள். இருவருமே இந்தப் பருவத்தில் காயப்பட்டு வெளியேறியவர்கள்தாம். ஆனாலும் அதற்கு முன்பு அவர்கள் ஆடிய ஆட்டத்தைப் பார்த்த எவருக்கும் நாம் எதை விற்றோம் என்பது தெரியும். பதிலாக நமக்குக் கிடைத்தவை எதிர்காலத் தேர்வுகள். விதைநெல்லைச் சேர்த்துக்கொண்டே போவதில் தவறில்லை, என்றாவது ஒரு நாள் விதைக்கிற எண்ணம் இருந்தால்.

தேர்வுகளைக் குவிக்கும் உங்கள் திட்டத்தை நான் முழுவதுமாகக் குறை சொல்லவில்லை. முதல் தேர்வு, நான்காவது தேர்வு, இரண்டாம் சுற்றில் மூன்று என்று முதல் 64 பேருக்குள் ஐந்து வீரர்களை எடுக்கும் வாய்ப்பு நமக்கு இருப்பது அந்தத் திட்டத்தால்தான். ஆனால் அதற்கான விலையை இந்த ஆண்டு 21 வயது குவாட்டர்பேக் டெஷோன் கைஸரின் தோளில் ஏற்றினீர்கள். ஆயத்தமாகாத ஒரு புதுமுகத்தைக் களத்தில் இறக்கிவிட்டு, அவர் தடுமாறியதும் வெளியே எடுத்து, மறுபடி உள்ளே அனுப்பி, மீண்டும் வெளியே எடுத்தது உங்கள் நிர்வாகம். அவர் எறிந்து எதிரணியினர் பிடித்த 22 பந்துகளை (இன்டர்செப்ஷன்களை) எல்லோரும் எண்ணினார்கள். அவருக்குக் கற்றுக்கொடுக்க அனுபவமுள்ள ஒரு குவாட்டர்பேக்கைக்கூட அணியில் வைத்துக்கொள்ளாததை யாரும் எண்ணவில்லை. சின்சினாட்டியிலிருந்து குவாட்டர்பேக் ஏ.ஜே. மெக்காரனைக் கொண்டுவர முயன்ற அக்டோபர் 31 அன்று, கெடு நேரத்துக்குள் உரிய தாள்கள் லீக் அலுவலகத்துக்குப் போய்ச் சேரவில்லை. மின்கட்டணத்தைக் கடைசித் தேதிக்குள் கட்டத் தவறினால் எங்கள் வீட்டில் விளக்கு அணையும். அதனால் கெடு என்றால் என்ன என்பது எங்களுக்குத் தெரியும்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்த அரங்கம் ஊருக்குச் சொந்தமானது. மதுவுக்கும் சிகரெட்டுக்கும் குயஹோகா மாவட்ட மக்கள் கட்டும் வரியில் நிற்பது. அணியைப் பால்டிமோருக்குக் கொண்டுபோகப் போவதாக 1995 நவம்பர் 6 அன்று அப்போதைய உரிமையாளர் அறிவித்தார். அடுத்த நாள் நடந்த வாக்கெடுப்பில் இதே மக்கள் அரங்கத்துக்கான வரியை நீட்டிக்கச் சம்மதம் கொடுத்தார்கள். போகிறேன் என்றவனுக்கும் சோறு போட்ட ஊர் இது. 2014-இல் மறுபடியும் இருபது ஆண்டுகளுக்கு நீட்டித்தார்கள். நீங்கள் 2012-இல் அணியை வாங்கியதிலிருந்து நாங்கள் நான்கு தலைமைப் பயிற்சியாளர்களைப் பார்த்துவிட்டோம். நிர்வாகத் தலைவர்கள் அதைவிடக் கூடுதலாக மாறிவிட்டார்கள். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் எங்களிடம் கேட்கப்பட்டது பொறுமை. இப்போது, இரண்டு ஆண்டுகளில் ஒரு வெற்றியும் முப்பத்தொரு தோல்வியும் கண்ட பயிற்சியாளரைத் தொடர வைக்கிறோம், பொறுத்திருங்கள் என்கிறீர்கள். ஹ்யூ ஜாக்சனை நீக்க வேண்டுமா வேண்டாமா என்பதில் எனக்கு உங்களிடம் வழக்கில்லை. அவருக்கும் நல்ல குவாட்டர்பேக் கொடுக்கப்படவில்லை என்பது உண்மை. ஆனால் பயிற்சியாளருக்குக் காட்டுகிற பொறுமையில் பாதியையாவது அடுத்து வரும் இளைஞருக்குக் காட்டுவீர்களா என்பதுதான் என் கேள்வி.

சொல்லில் கடுமை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன். கடந்த மாதம் ஜான் டோர்சியைப் பொது மேலாளராகக் கொண்டுவந்தது நல்ல முடிவு என்றே நம்புகிறேன். தேர்வை அவரிடம் விடுங்கள். மேலிருந்து வரும் யோசனைகளால் அவர் கையைக் கட்டிவிடாதீர்கள். எந்த அணி எத்தனை எதிர்காலத் தேர்வுகளைத் தட்டில் வைத்து நீட்டினாலும், தயவுசெய்து முதல் தேர்வை விற்றுவிடாதீர்கள். எடுக்கிற குவாட்டர்பேக் முதல் ஆண்டில் தடுமாறினால், நாங்கள் கூச்சலிட்டாலும்கூட, அவரை மாற்றாதீர்கள்.

ஜோ தாமஸ் அடுத்த ஆண்டு ஆடுவாரா என்று இன்னும் சொல்லவில்லை. அவர் திரும்பி வந்தால், காப்பதற்கு நிலையான ஒருவர் அவருக்குப் பின்னால் நிற்க வேண்டும் என்று பெரியவர் ஆசைப்படுகிறார். நான் தமிழில் எழுதிய இந்த மடலை என் மகள் ஆங்கிலத்தில் ஆக்கி உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பிவைப்பாள். ஏப்ரல் 26 இரவு நாங்கள் மூவரும் பெரியவரின் வீட்டுத் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருப்போம். அன்று முதலாவதாக வாசிக்கப்படும் பெயர் நம் குவாட்டர்பேக்கின் பெயராக இருக்கும்படி செய்யுங்கள் என்று மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
1999 முதல் உங்கள் அணியின் ரசிகன்