பெல்ட் ஏறுகிறது, குதிகாலும் எழும்புகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கம் மொட்டை மாடிகளிலும் பள்ளி மைதானங்களிலும் நடக்கும் கராத்தே வகுப்புகளில், பெல்ட்டின் நிறம் மாறும் வேகத்துக்குப் பிள்ளைகளின் கால்கள் ஈடுகொடுப்பதில்லை.

கராத்தேயின் ஒரு பிரிவான ஷோட்டோகான் முறையில், ஆரம்பக் கட்டாவான (கட்டா என்பது வரிசை மாறாமல் செய்யும் அசைவுத் தொகுப்பு) ஹெயான் ஷோதானில் 21 அசைவுகள். சில தேர்வுகளைத் தாண்டிப் பச்சை பெல்ட் கட்டிய பிள்ளையை அதைச் செய்யச் சொல்லி, பின்னங்காலை மட்டும் பாருங்கள். அடியெடுத்து வைத்துக் குத்தும்போது குதிகால் தரையை விட்டு எழும்பும். கணுக்கால் இறுகியிருக்கும், அல்லது காலை அளவுக்கு மீறி அகட்டியிருப்பார்கள். குதிகால் ஊன்றாவிட்டால் இடுப்பின் விசை குத்தில் சேராது. வெறும் தோள் பலம்தான். முன் முழங்கால் உள்பக்கம் சாய்வது இன்னும் மோசம். மூட்டு கெடும். முழங்கால் பாதத்தின் திசையிலேயே மடங்க வேண்டும்.

காற்றிலேயே குத்திப் பழகியவர் முன், குத்து வாங்கும் பயிற்சி மெத்தையைப் (pad) பிடித்தால் மணிக்கட்டு மடங்குகிறது. ஆள்காட்டி விரல், நடுவிரல் முட்டிகள்தான் பட வேண்டும். சுண்டுவிரல் பக்கம் பட்டால் எலும்பு முறியலாம். இதைத் திருத்த மாதக்கணக்கில் ஆகும். ஆண்டு விழாவில் ஓடு உடைத்துக் காட்ட அவ்வளவு வேண்டாம், இடைவெளி விட்டு அடுக்கினால் போதும்!

தேர்வுக் கட்டணமே மாஸ்டருக்கு வருமானம் என்றான பிறகு யாரைத்தான் ஃபெயிலாக்குவார்? பணம் கட்டுமுன், கட்டாவில் ஏதாவது ஓர் அசைவைக் காட்டி 'இது எந்தத் தாக்குதலுக்கு?' என்று பெற்றோர் பிள்ளையிடமே கேட்கலாம்.

– கராத்தே பயிற்றுநர்கள் சிலர், பெங்களூரு